போலீஸ் வண்டிக்கே தண்ணி காட்டினவர்

எழுபத்து நாலாம் வருஷம், பங்குனி மாதம். மரக்காணத்தில் அந்த மாதம் வெயில் இரண்டு தடவை அடிக்கும். மேலிருந்து ஒரு தடவை. பாத்திகளில் விளைந்து கிடக்கும் உப்பில் பட்டுத் தெறித்துக் கீழிருந்து இன்னொரு தடவை. அதற்கு நடுவில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நடந்து நடந்து, எங்கள் ஊர்க்காரர்களுக்கு எப்போதும் சிரிப்பது போலவே ஒரு முகம் அமைந்துவிட்டது. நான் சொல்லப்போகும் நாளில் அவர்கள் நிஜமாகவே சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான்.

பிரம்மதேசம் தாண்டி மரக்காணத்துக்கு வரும் ரோட்டில், வயல் முடிந்து உப்பளம் தொடங்கும் இடத்தில் ஒரு பழைய பெட்ரோல் பங்க் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தது. ஓடு போட்ட ஒற்றை அறை, முன்னால் இரண்டு தூண்கள், நடுவில் ஆளைவிட உயரமாக ஓர் இரும்பு பம்ப். அதன் தலையில் இரண்டு கண்ணாடிக் குடுவைகள். கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டினால் ஒரு குடுவையில் பெட்ரோல் ஏறும். அது காருக்குள் இறங்கும்போது மற்றது நிறையும். பங்க் மூடிப் பல வருஷம் ஆகியிருந்தது. உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிட, பம்ப் காவி கட்டிய சாமியார் மாதிரி நின்றுகொண்டிருந்தது.

உப்பு லாரிகள் பெருகிவிட்டதால் ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள், பங்க் இடிபடும் என்று பேச்சு வந்தது. இடம் எங்கள் ஊர் உப்பள முதலாளி ஒருவருடையது. பங்கை நடத்தியவர் அவருடைய அப்பா. பிள்ளைகளுக்கு மெட்ராஸ் மியூசியத்தைக் காட்டிவிட்டுத் திரும்பிய முதலாளி, பஸ்ஸை விட்டு இறங்கி நேராகத் தபால் ஆபீசுக்கு வந்தார். நான் அங்கே கிளார்க்.

"பல்லவன் காலத்துத் தூணுக்கு ஒரு ரூம் குடுத்து, ஆளு போட்டுக் காவல் காக்கறான் சார். எங்கப்பன் காலத்து பம்புக்கு ஒரு ரூம் கூடாதா?"

கேட்ட விதம் எனக்குப் பிடித்துவிட்டது. பங்கை இடிக்காமல் மியூசியமாக்க வேண்டும் என்று மனு எழுதினேன். எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. ஓரிடத்தில் கால் தரிக்காது. மணியார்டர் பாரங்களின் பின்புறத்தில் வசன கவிதை எழுதுகிறவன். அந்த மனுவில் நான் போட்டிருந்த உவமைகளைப் பார்த்து மெட்ராசில் யாரோ பயந்திருக்க வேண்டும். உடனே பதில் வந்தது. ஓர் அதிகாரி வந்து பார்ப்பார். சரித்திர முக்கியத்துவம் இருக்கிறது என்று அவர் எழுதினால் ரோடு பத்தடி விலகும், இல்லாவிட்டால் பங்க் போய்விடும். எங்களுக்கு மூன்று வாரம் இருந்தது.

மூன்று பேர் வேலையில் இறங்கினோம். முதலாளி, நான், என் சிநேகிதனான லாரி மெக்கானிக். மெக்கானிக் பம்பைக் கழற்றிச் சுரண்டி, எண்ணெய் போட்டு, கைப்பிடியை அசைய வைத்தான். முதலாளி வீட்டுப் பரணிலிருந்து சாமான்கள் இறங்கின. நசுங்கிய ஆயில் டின், பெட்ரோல் வடிகட்டும் பெரிய புனல், அழுத்தினால் வாத்து மாதிரி கத்தும் ரப்பர் ஹார்ன். இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடினவே, அந்தக் கரி அள்ளிப் போட்ட முறம்கூட இருந்தது. எதை எங்கே வைப்பது என்று தினமும் சாயங்காலம் அடிதடி. வாசலில் ஹார்ன்தான் இருக்க வேண்டும், வருகிறவன் அழுத்தட்டும் என்பான் மெக்கானிக். அப்பா போட்டோதான் என்பார் முதலாளி. கவிதைதான் என்பேன் நான்.

குடுவைகளில் பெட்ரோல் இருப்பது போலத் தெரிய வேண்டுமே என்று டீக்கடையிலிருந்து டிகாக்‌ஷன் வாங்கி ஊற்றினோம். கடைக்காரர் நல்ல மனசோடு சர்க்கரை போட்டே கொடுத்துவிட்டார். மறுநாள் காலையில் பம்ப் முழுக்க எறும்பு. "ஏம்பா, நம்ம பெட்ரோலு ரொம்ப ருசி போல இருக்குதே" என்று மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தான்.

எங்களோடு இன்னொருவரும் இருந்தார். பங்குக்குப் பின்னால் உள்ள உப்பளத் தொழிலாளர் குடிசைகளில் குடியிருந்த ஓர் அக்கா. என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர் இருக்கும். பகலில் பாத்தியில் உப்பு வாரிவிட்டு, சாயங்காலம் வந்து யாரும் கேட்காமலே அறையைப் பெருக்குவார், தூணுக்குச் சுண்ணாம்பு அடிப்பார். தினமும் ஒரே கேள்விதான் கேட்பார்.

"பங்க இடிக்கமாட்டாங்கல்ல சார்?"

பழைய பங்கின் மேல் இந்த அம்மாவுக்கு எவ்வளவு பாசம் என்று நான் நெகிழ்ந்து போவேன். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. பின்புறம் ஒரு கிணறு இருந்தது. நாங்கள் கை கால் கழுவத்தான் அங்கே போவோம்.

ஒருநாள் தூணைத் தடவிக்கொண்டே அவர் சொன்னார்: "இதே எடத்துல தான் சார், வெள்ளக்காரன் இருக்கசொல்ல, போலீசு வண்டிக்கே தண்ணி காட்டினவ நானு."

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். போலீஸ் வண்டிக்குத் தண்ணி காட்டினாரா! ஏய்த்து, அலையவிட்டு, கையில் சிக்காமல்! அதுவும் வெள்ளைக்காரன் காலத்தில்!

"அப்ப உங்களுக்கு என்ன வயசுக்கா?"

"பதினாறு இருக்கும்."

"பயமா இல்லையா?"

"இன்னாத்துக்குப் பயம்? வரும்போதே தளதளன்னு கொதிச்சிக்கினு வந்துது. நாந்தான் கொஞ்சம் ஆற வுட்டுக் காட்டினேன்."

இங்கேதான் நான் கவிழ்ந்தேன். 'கொதிச்சிக்கினு வந்துது' என்றாரே, அதைக் கேட்டதும் எனக்கு மயிர் கூச்செறிந்தது. வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரியை அஃறிணையில் சொல்கிறாரே, முப்பது வருஷம் கழிந்தும் இவ்வளவு அலட்சியமா என்று புல்லரித்துப் போனேன். அஃறிணை நிஜமாகவே அஃறிணையாக இருக்கலாம் என்று இலக்கணம் படித்த என் மூளைக்கு எட்டவில்லை.

"அப்புறம் என்ன ஆச்சு?"

"என்னா ஆவும்? வந்த வழியே போயிட்டாங்க."

போதும். அதற்குமேல் நான் கேட்கவில்லை. அவருக்கும் அடுப்பு வேலை இருந்தது, போய்விட்டார். எனக்குத்தான் கால் தரையில் நிற்கவில்லை. உப்பள வரப்புகளில் இருட்டும்வரை நடந்தேன். நடக்க நடக்கக் கதை வளர்ந்தது. உப்புக் குவியலுக்குப் பின்னால் பதுங்கிய தேசத் தொண்டர்கள் வந்தார்கள். துரத்தி வந்த கார் வந்தது. 'எக்கியார்குப்பம் பக்கம் போனாங்க' என்று தவறான திசையில் நீண்ட ஒரு பதினாறு வயதுக் கை வந்தது. அவர் சொன்னது மூன்று வரி. மிச்சத்தை நான் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் ஆறடிப் பலகை ஒன்றைக் கறுப்படித்து, வெள்ளை பெயின்டில் நானே எழுதினேன். ஊர்க்காரர்கள் கூடி நின்று பார்த்தார்கள். முதலாளி கண் கலங்கி, அப்பா போட்டோவை எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டு, வாசலுக்கு நேராகப் பலகையை மாட்டச் சொன்னார். அந்த அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. "உங்களப் பத்தித்தான் எழுதியிருக்கேன்" என்றேன். வெட்கப்பட்டுச் சிரித்தார். படித்துக் காட்டவில்லை. திறப்பு நாளில் கேட்டு ஆச்சரியப்படட்டும் என்று நினைத்தேன். இது நான் அன்றைக்கு எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம்.

அதிகாரி வரும் நாள் வந்தது. பதினோரு மணி வெயில். தோரணம் கட்டி, ஊரே ரோட்டோரம் நின்றது. தூரத்தில் ஒரு ஜீப் தெரிந்தது. ஜீப்புக்கு முன்னால் அதன் புகை தெரிந்தது. புகை இல்லை, ஆவி. பானட் இடுக்கு வழியாகப் பொங்கிக்கொண்டு, முக்கி முனகி, சரியாகப் பங்க் வாசலில் வந்து நின்றது. டிரைவர் குதித்து இறங்கிப் பானட்டைத் தூக்கி, ரேடியேட்டர் மூடியில் கையை வைக்கப் போனார்.

"டேய் டேய் தம்பி, கைய எடு!"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு அக்கா வந்தார். இடுப்பில் குடம். கையில் ஈரக் கோணி.

"மூடியத் தொறந்தா மூஞ்சி வெந்துபூடும். தளதளன்னு கொதிக்கிது பாரு. கொஞ்சம் ஆறட்டும். அப்புறம் வண்டிக்குத் தண்ணி காட்டலாம்."

அவர் சொன்னதை மனசுக்குள் ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தேன்.

தளதளவென்று கொதிக்கிறது. ஆற வேண்டும். பிறகு வண்டிக்குத் தண்ணி காட்ட வேண்டும். எங்கள் பக்கத்தில் மாட்டுக்குத் தண்ணீர் வைப்பதை எப்போதும் தண்ணி காட்டுவது என்றுதான் சொல்வோம். சொல்வோம் என்ன, காலையில் நானே எங்கள் வீட்டு எருமைக்குக் காட்டிவிட்டு வந்திருக்கிறேன்! அக்கா குடத்திலிருந்து ஒரு கை அள்ளித் தன் வாயில் விட்டு ருசி பார்த்தார். தலையாட்டினார். பிறகு கோணியைப் போட்டு மூடியைத் திருகி, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். தாகத்தோடு வந்த மாட்டைப் போலத்தான் ஜீப் குடித்தது.

மெக்கானிக்கைத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னேன். அவன் முதலில் என்னைப் பார்த்தான். பிறகு ஜீப்பைப் பார்த்தான். பிறகு அப்படியே குந்தி உட்கார்ந்து, வாயில் துண்டை அடைத்துக்கொண்டு சிரித்தான். சிரித்து முடித்ததும் முகம் மாறியது.

"டேய், அந்தப் பலகைய வெச்சிதான்டா பங்கே நிக்கப்போவுது. கம்முனு இரு. அந்தாளு படிச்சிட்டு, கையெழுத்து போட்டுட்டுப் போவட்டும்."

நானும் கம்மென்றுதான் இருந்தேன். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அதிகாரி உள்ளே வந்தார். நல்ல மனிதர், கண்ணாடி போட்ட ஒல்லி. ஹார்னை அழுத்திப் பார்த்தார், கரி முறத்தைப் புரட்டிப் பார்த்தார். பலகை முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். வாய்விட்டே படித்தார்:

"வெள்ளை உப்பின் நடுவே, வெள்ளைக்காரப் போலீசுக்குத் தண்ணி காட்டினாள் ஒரு கறுத்த வீராங்கனை. அவன் கொதித்தான். அவள் ஆறவிட்டாள். வந்த வழியே திரும்பியது வல்லரசு."

சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார். "இது ஒண்ணு போதுங்க. ரோட்டத் திருப்பறதுக்கு இதுக்குமேல என்ன வேணும்? அந்த அம்மா இருக்காங்களா?"

கூட்டம் அக்காவை முன்னே தள்ளியது. இடுப்பில் இன்னும் குடம். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, போலீசுக்கே தண்ணி காட்டினீங்களாமே?"

"ஆமாங்க. காட்டினேன்."

மெக்கானிக் என் தொடையைக் கிள்ளினான். தப்பித்தோம் என்று அர்த்தம்.

"எப்படிம்மா காட்டினீங்க?"

"கொடத்துலதாங்க."

அதிகாரி பேனாவை நிறுத்தினார். யோசித்தார். முகம் மலர்ந்தது. "ஓ! பெட்ரோல் டாங்க்ல தண்ணிய ஊத்திட்டீங்களா?"

அக்காவின் முகம் சிவந்துவிட்டது. "ஐயையோ! என்னா பேச்சு பேசறீங்க? வண்டியக் கெடுக்கறதா? எங்கிட்ட தண்ணி குடிச்சிட்டுப் போன வண்டி ஒண்ணு, நடுவழில நின்னிச்சின்னு யாராச்சும் சொல்லட்டும் பாப்போம்!" சட்டென்று என் பக்கம் திரும்பினார். "என்னா சார் எழுதி வெச்சிருக்கீங்க என்னப் பத்தி?"

ஊரே என்னைப் பார்த்தது. "படிங்க சார்" என்றார் அக்கா.

நான் படித்தேன். என் சொந்த வரிகளை அவ்வளவு மெல்லிய குரலில் நான் ஒருநாளும் படித்ததில்லை. ஒவ்வொரு வார்த்தையும் நாக்கில் உப்புக் கல்லாகக் கரித்தது. அக்கா தலையைச் சாய்த்துப் பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும் பலகையை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார்.

"நல்லாத்தான் சார் இருக்குது. யாரு சார் அந்தப் பொம்பள?"

நான் அவரையே கைகாட்டினேன்.

"நான் ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தினவ. அந்தப் பொண்ணு நான் இல்ல."

யாரோ பின்னால் இருந்து 'க்ளுக்' என்றார்கள். அவ்வளவுதான், மடை உடைந்தது. சிரித்த சிரிப்பில் தோரணம் ஆடியது. முதலாளி கோபப்பட முயன்று, முடியாமல், அப்பா போட்டோவைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். நான் அதிகாரியிடம் போய், அந்த அம்மா பொய் எதுவும் சொல்லவில்லை, சொல்லாததையெல்லாம் நான்தான் எழுதினேன், ஜீப் வந்து நின்றபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் வாயை மூடிக்கொண்டு நின்றேன் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. நோட்டை மூடிப் பையில் வைத்தார். "இத வெச்சு நான் எதுவும் எழுத முடியாதுங்க" என்றார். சிரிப்பு அடங்கிவிட்டது. அக்காவின் முகத்தைப் பார்த்தேன். பங்க் கையைவிட்டுப் போனது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் அவர் சொன்னது வேறு.

"வெயில்ல வந்திருக்கீங்க. மொதல்ல ஒரு வாய் தண்ணி குடிங்க."

குடத்தைச் சாய்த்தார். அதிகாரி கையேந்திக் குடித்தார். நிறுத்தி, குடத்தைப் பார்த்தார். மறுபடி குடித்தார்.

"இது எங்கேருந்து வந்த தண்ணி?"

"பின்னாடிதாங்க. பங்குக் கெணறு."

"சுத்தி உப்பளம். இவ்வளவு நல்ல தண்ணியா?"

"இது ஒண்ணுதாங்க இந்தச் சுத்துவட்டாரத்துக்கே. எங்க ஜனம் அத்தினி பேரும் இதத்தான் குடிக்கிறோம். உப்புத் தண்ணிய ஊத்துனா ரேடியேட்டரு அரிச்சிப்பூடும். அதனால நாக்குல வெச்சிப் பாக்காம ஒரு வண்டிக்கும் ஊத்தமாட்டோம். பம்ப் வர்றதுக்கு முன்னாடி உப்பு வண்டி மாடுங்க இங்க நிக்கும், எங்கம்மா தண்ணி காட்டும். அப்பால மோட்டாரு வந்துது, நான் காட்டினேன். தண்ணி இருக்கவேதான் பெரிய முதலாளி இங்க பங்க் வெச்சாரு. ரோடு வந்தா கெணத்தத் தூத்துடுவாங்களே, அதுக்குத்தானே சார் நான் தெனம் கேட்டுக்கினு இருந்தேன்?"

கடைசி வாக்கியம் எனக்கு. பங்கை இடிக்கமாட்டார்கள் அல்லவா என்று மூன்று வாரமாக அவர் கேட்டது எதை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் பார்த்தது பம்பை. அவர் பார்த்தது கிணற்றை. இரண்டுக்கும் நடுவில் இருபதடி தூரம்கூட இல்லை.

அதிகாரி வாயைத் துடைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். எட்டிப் பார்த்தார். கயிறு உரசித் தேய்ந்த கைப்பிடிச் சுவரை விரலால் தடவிப் பார்த்தார். நோட்டு மறுபடி வெளியே வந்தது. ஒரு மணி நேரம் அக்கா சொல்லச் சொல்ல அவர் எழுதினார். எந்தெந்த வண்டி எவ்வளவு குடிக்கும், கரி பஸ் எப்படித் தாகத்தோடு வரும், போலீஸ் வண்டி டிரைவர் எப்படிக் கையைச் சுட்டுக்கொண்டான் எல்லாம். ஓர் உவமைகூட இல்லாமல் அது அவ்வளவு நன்றாக இருந்தது. கிளம்பும்போது அவர் சொன்னார்: "மியூசியத்த வாசல்லேருந்து ஆரம்பிக்காதீங்க. கெணத்துலேருந்து ஆரம்பிங்க. வர்றவங்க தண்ணி குடிச்சிட்டு உள்ள வரட்டும்."

அன்று சாயங்காலமே பலகையைக் கழற்றினேன். மெக்கானிக் ஒரு முனையைப் பிடித்தான். "கவிஞரே, பின்பக்கம் காலியாத்தான் இருக்குது" என்றான். திருப்பிப் போட்டேன். அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்து சொன்னார், நான் எழுதினேன். எழுதிய ஒவ்வொரு வரியையும் படித்துக் காட்டினேன். "இந்த எடத்துல மொதல்ல மாட்டுக்குத் தண்ணி காட்டினோம். அப்புறம் மோட்டாருக்குக் காட்டினோம். நீங்களும் ஒரு வாய் குடிங்க." மூன்றே வரிதான். ஒரு வரி சேர்க்கட்டுமா என்று கேட்டேன். "வேணாம் சார், நீங்க சேத்தா போலீசு வந்துடும்" என்றார்.

சில மாதத்தில் ரோடு வந்தது. பத்தடி விலகித்தான் வந்தது. உத்தரவின் நகல் எங்கள் தபால் ஆபீஸ் வழியாகத்தான் முதலாளிக்கு வந்தது, காட்டினார். பம்ப், பங்க், மியூசியம் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. குடிநீர்க் கிணறு இருப்பதால் என்று மட்டும் இருந்தது. பங்க் அதன் நிழலில் தப்பித்துக்கொண்டது. கண்ணாடிக் குடுவைகளில் இப்போது டிகாக்‌ஷன் இல்லை, கிணற்றுத் தண்ணீர். வெயிலில் அது மின்னுகிற அழகைப் பற்றி நான்கு பக்கம் எழுதலாம். எழுதவில்லை. குடத்தோடு எதிரே வரும்போதெல்லாம் அக்கா மட்டும் விடுவதில்லை: "இன்னா சார், இன்னிக்கு யாருக்குத் தண்ணி காட்டினீங்க?"

நான் இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன், கால் தரிக்காமல் நடந்துகொண்டும் இருக்கிறேன், ஆனால் யாராவது சொன்ன ஒரு வாக்கியம் காதில் விழுந்து என்னைப் புல்லரிக்க வைத்தால், பேனாவை எடுப்பதற்கு முன் அவரிடமே திரும்பிப் போய், "எப்படிக் காட்டினீங்க?" என்று ஒரு தடவை கேட்டுவிடுகிறேன், பெரும்பாலும் குடத்தில்தான் காட்டியிருக்கிறார்கள்.